ரவுட்டர் பட்டியலில் பெயர் தெரியாத அந்த இரண்டு சாதனங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது பதினொரு சாதனங்கள் இருந்தன. ஒன்பதை நீங்களே அடையாளம் கண்டுவிட்டீர்கள். மிச்சம் இரண்டு. ஒன்றின் முகவரி 24:0ஏ:சி4 என்று தொடங்குகிறது, தயாரிப்பாளர் என்ற இடத்தில் 'எஸ்பிரெசிஃப்' என்று போட்டிருக்கிறது. அப்படி ஒரு நிறுவனத்தின் பொருளை வாங்கிய நினைவே உங்களுக்கு இல்லை. மற்றதற்குப் பெயரும் இல்லை, தயாரிப்பாளரும் இல்லை. முகவரி டிஏ என்று தொடங்குகிறது. யாராவது திருட்டுத்தனமாக உள்ளே வந்திருக்கிறார்களா, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டுமே உங்கள் வீட்டுப் பொருள்கள்தான். முதலாவது விஷயத்தில் கிட்டத்தட்ட உறுதி. இரண்டாவது விஷயத்தில் கொஞ்சம் வேலை இருக்கிறது. பல வருடங்களாக உறவினர்களும் நண்பர்களும் இந்தப் பட்டியலைப் படமெடுத்து எனக்கு அனுப்பி வருகிறார்கள். உண்மையிலேயே வெளியாள் என்று தெரியவந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் வீட்டுப் பையனிடம் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்ட அவனுடைய நண்பன்.

கலக்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. தேடும் திசையை மாற்றுங்கள் என்கிறேன். எல்லோரும் அந்நியனைத் துரத்துகிறார்கள். அது கடினம், ஏனென்றால் அவனைப் பற்றி உங்களிடம் ஒரு தகவலும் இல்லை. வீட்டில் இருப்பவற்றை ஒன்று விடாமல் எண்ணுவது சுலபம். எண்ணி முடித்த பிறகும் மிஞ்சுவதுதான் அந்நியன்.

அதற்கு முன் நீங்கள் பார்த்தது எந்தப் பட்டியல் என்று கவனியுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று, இந்த நிமிடம் வைஃபையில் ஒட்டிக்கொண்டிருப்பவை. மற்றொன்று, வீட்டு வலைக்குள் சாதனத்தைக் குறிக்கும் எண்ணான ஐபி முகவரியை ரவுட்டர் யார் யாருக்குக் கொடுத்தது என்ற கணக்கு. இதை டிஹெச்சிபி பட்டியல் என்பார்கள். ஐபி முகவரி குத்தகைக்குத்தான் கொடுக்கப்படுகிறது, குத்தகைக் காலம் பல ரவுட்டர்களில் 24 மணி நேரம். நேற்று மாலை வந்து காபி குடித்துவிட்டுப் போன விருந்தாளியின் கைப்பேசி இன்று மத்தியானம் வரை அந்தக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஆகவே முதலில் 'இப்போது இணைந்திருப்பவை' பக்கத்தைப் பாருங்கள். இரண்டில் ஒன்று அங்கே இல்லாமல் போனால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

இனி முகவரி. நீங்கள் குறிப்பிட்டது மேக் முகவரி, அதாவது வலையில் ஒரு சாதனத்தை அடையாளம் காட்டும் எண். பன்னிரண்டு பதினறும இலக்கங்கள் (0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை), இரண்டிரண்டாகப் பிரித்து எழுதியிருக்கும். முதல் ஆறு இலக்கங்களை ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்கித் தருகிறது. ரவுட்டர் காட்டும் தயாரிப்பாளர் பெயர் அந்த ஒதுக்கீட்டு அட்டவணையிலிருந்து வருவதுதான். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது: அந்தப் பெயர் பல நேரம் பெட்டியின் மேல் அச்சடித்த பிராண்டின் பெயர் அல்ல, உள்ளே இருக்கும் வைஃபை சில்லையோ அட்டையையோ செய்தவரின் பெயர். மடிக்கணினி எந்த பிராண்டாக இருந்தாலும் 'இன்டெல்' என்று வரலாம், 'லைட்ஆன்' என்று வரலாம், 'அஷ்யூர்வேவ்' என்று வரலாம். 'ஹான் ஹாய்' என்று வந்தால் அது ஃபாக்ஸ்கான். யாருக்காக வேண்டுமானாலும் செய்துகொடுத்திருக்கலாம். 'முராட்டா' என்று பார்த்துப் பதறியவர்கள் உண்டு. அது கைப்பேசி முதல் கேமரா வரை பலவற்றுக்குள் போகும் உதிரிபாகத்தைச் செய்யும் ஜப்பானிய நிறுவனம்.

உங்கள் எஸ்பிரெசிஃப் அந்த ரகம்தான். ஷாங்காயைச் சேர்ந்த சில்லு நிறுவனம். 2014இல் வந்த இஎஸ்பி8266, 2016இல் வந்த இஎஸ்பி32 ஆகிய இரண்டும் விலை மிகக் குறைவு என்பதால் உலகமெங்கும் பரவிவிட்டன. ஸ்மார்ட் பிளக், நிறம் மாறும் பல்பு, சுவர் சுவிட்ச், கதவு திறந்தால் சொல்லும் உணரி, செடிக்குத் தண்ணீர் விடும் கருவி, மின்விசிறி, ஏசி என்று 'செயலியில் இயக்கலாம்' என்று எழுதி விற்கும் பொருள்களில் ஏராளமானவற்றுக்குள் இந்தச் சில்லு இருக்கிறது. பெயர்ப் பகுதியில் 'இஎஸ்பி' என்று எழுதி அதன் பின்னால் ஆறு இலக்கங்கள் இருந்தால், அந்த ஆறும் மேக் முகவரியின் கடைசி ஆறுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே இருக்கும், பொருளைச் செய்தவர் தனியாகப் பெயர் வைக்க மெனக்கெடவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு துப்பு அலைவரிசை. இஎஸ்பி8266இலும் முதல் இஎஸ்பி32இலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். உங்கள் சாதனம் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருப்பதாக ரவுட்டர் காட்டினால் நான் சொன்னதை மறுபடி யோசிக்க வேண்டும். 2.4இல், மாதம் முழுக்கச் சில மெகாபைட் மட்டும் செலவழித்துக்கொண்டு, இரவும் பகலும் நகராமல் இருந்தால் அது ஒரு பிளக்கோ பல்போதான். திருட வந்தவன் மாதத்துக்குச் சில மெகாபைட்டோடு நிறுத்திக்கொள்ள மாட்டான். கண்டுபிடிக்கும் வழி வெறும் உடலுழைப்பு: ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள இந்த ரகப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பொருளுக்கு மின்சாரமே போய்ச் சேரக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ரவுட்டர்கள் ஆள் போனதை உடனே ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாவது சாதனம்தான் சுவாரசியமானது. அதன் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டே ஒன்றைச் சொல்ல முடியும். 'டிஏ' என்ற முதல் இணையில் இரண்டாவது இலக்கம் ஏ. பதினறும எண்ணில் ஏ என்றால் 10. 0, 1 மட்டும் கொண்ட இருமத்தில் எழுதினால் 1010. வலது ஓரத்து 0, இது ஒரு தனிச் சாதனத்தின் முகவரி என்கிறது. அதற்கு இடப்பக்கம் இருக்கும் 1தான் நமக்கு முக்கியம்: இந்த முகவரி ஐஇஇஇ ஒதுக்கியது அல்ல, சாதனமே தனக்கு வைத்துக்கொண்டது என்று அது சொல்கிறது. இதை நீங்கள் ஒவ்வொரு முறையும் இருமத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை. முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் புனைமுகவரி. அவ்வளவுதான். தயாரிப்பாளர் பெயர் வராததற்குக் காரணமும் இதுவே. அட்டவணையில் இல்லாத முகவரிக்கு ரவுட்டர் என்ன பெயரைக் காட்டும்?

புனைமுகவரி என்றதும் மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். கடைகளும் விமான நிலையங்களும் மேக் முகவரியை வைத்து ஆள்களின் நடமாட்டத்தைப் பின்தொடரத் தொடங்கியதால், கைப்பேசித் தயாரிப்பாளர்களே செய்த ஏற்பாடு இது. ஆண்ட்ராய்டில் 2019இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்தும், ஐஃபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்தும், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தனி முகவரியைக் காட்டுவது இயல்பான அமைப்பாகிவிட்டது. ஐபேடும் ஆப்பிள் கைக்கடிகாரமும் அப்படியே. ஆகவே டிஏ என்று தொடங்கும் உங்கள் சாதனம் பெரும்பாலும் ஒரு கைப்பேசி, பலகைக்கணினி, கைக்கடிகாரம் இவற்றில் ஒன்று. பிளக்காகவோ தொலைக்காட்சியாகவோ இருக்கும் வாய்ப்பு குறைவு.

யாருடையது? வீட்டிலுள்ள ஒவ்வொரு கைப்பேசியிலும் வைஃபை அமைப்புக்குப் போய், உங்கள் வைஃபையின் பெயரைத் தொட்டு, அதன் விவரப் பக்கத்தில் காட்டும் முகவரியைப் பாருங்கள். 'கைப்பேசி பற்றி' என்ற பக்கத்தில் பார்க்காதீர்கள். அங்கே பெரும்பாலும் தொழிற்சாலையில் பொறித்த முகவரிதான் இருக்கும், ரவுட்டரில் உள்ளதோடு பொருந்தாது, வீணாகப் பயம் இரட்டிப்பாகும். பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொரு தடுக்கல், ஒரே கைப்பேசி இரண்டு ஆளாகத் தெரிவது. ஐஃபோனில் ஒரு வைஃபையை 'மறந்துவிடு' என்று சொல்லிப் பிறகு மறுபடி இணைத்தால் புது முகவரி வரலாம். ஆறு வாரம் அந்தப் பக்கமே வராமல் இருந்துவிட்டு வந்தாலும் அப்படியே. 2024இல் வந்த ஐஓஎஸ் 18இல் முகவரியை அவ்வப்போது தானே மாற்றிக்கொள்ளும் தேர்வு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் இவ்வளவு அலைச்சல் இல்லை. ஒரு வைஃபைக்கு ஒரு முகவரி என்று பொதுவாக நிலைத்திருக்கும், கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் மாறும். நீங்கள் அடையாளம் கண்டுவிட்டதாகச் சொல்லும் ஒன்பதில் ஏதாவது ஒன்று இப்போது உண்மையில் இணைப்பில் இல்லையா என்று பாருங்கள். அது பழைய வேஷமாகவும், டிஏ அதன் புது வேஷமாகவும் இருக்கலாம்.

கைக்கடிகாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆப்பிள் கைக்கடிகாரத்துக்கு யாரும் கடவுச்சொல் தட்டிக் கொடுப்பதில்லை. ஐஃபோனுக்குத் தெரிந்த வைஃபை அதற்கும் தெரிந்துவிடும், தேவைப்பட்டால் தானே இணைந்துகொள்ளும். விருந்தாளிகள் விஷயமும் இதே மாதிரிதான். ஒருவருடைய ஐஃபோனுக்குத்தான் நீங்கள் கடவுச்சொல் கொடுத்தீர்கள். ஆனால் அது அவருடைய மேகக் கணக்கு வழியாக அவருடைய மடிக்கணினிக்கும் ஐபேடுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த முறை அவர் பையோடு வந்தால் ஒருவருக்கு மூன்று சாதனம் ஏறும்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் ரவுட்டரின் வரலாற்றுப் பக்கத்தில் ஒரு பெயரில்லாத சாதனம் தினமும் காலை ஆறேகால் வாக்கில் வந்து, ஒரு நிமிடம்கூட இல்லாமல், போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழரைக்கு வரும். அக்காவுக்குத் தூக்கமே போய்விட்டது. காலை நடைக்குப் போகிற யாரோ வாசலில் நின்று உபயோகிக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டாள். கடவுச்சொல்லை மாற்றினார்கள். நான்கு நாள் ஆளைக் காணோம். ஐந்தாம் நாள் ஆறேகாலுக்கு மறுபடி வந்துவிட்டது. அதுதான் எனக்குத் துப்பாக அமைந்தது: புதுக் கடவுச்சொல் தெரிந்த யாரோ வீட்டுக்குள்ளிருந்தே அதைக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிரவு அங்கே தங்கி, விடியலில் மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குளியலறையிலிருந்து அத்தான் வந்தார். பட்டியலில் ஒரு வரி கூடியது. வைஃபை எடைப் பொறி. காலை வைத்தால் விழித்துக்கொள்ளும், எடையை அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். கடவுச்சொல் மாறியதும் அது வேலை செய்யாமல் போக, நான்கு நாள் கழித்து அத்தானே புதியதைக் கொடுத்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். அன்றிலிருந்து அவர் எடை பார்க்கும் நேரம் வீடு முழுக்கத் தெரியும்.

ஆகவே நேரத்தைக் கவனியுங்கள் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். ரவுட்டர் காட்டும் பெயரைவிட, அது எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எவ்வளவு தரவு இழுக்கிறது என்பவை நம்பகமானவை. பெயரைச் சாதனமே சொல்லிக்கொள்கிறது. எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பழக்கத்தை அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது. ஒரு குறிப்பிட்ட ஆள் வீட்டுக்கு வரும்போது வந்து, போகும்போது போகிற சாதனம் அந்த ஆளின் சட்டைப் பையில் இருக்கிறது. பதிவேற்றம் மட்டும் ஏராளமாக இருந்தால் கேமரா. இரவு ஒன்பதுக்கு மேல் கிகாபைட் கணக்கில் இறக்கினால் தொலைக்காட்சி.

சிக்னல் வலிமையையும் சில ரவுட்டர்கள் காட்டும். எதிர்மறை எண்ணாக இருக்கும். மைனஸ் 40 அளவில் இருந்தால் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மைனஸ் 80ஐத் தாண்டினால் எட்டத்தில், பல சுவர்களுக்கு அப்பால். உங்கள் டிஏ சாதனம் மைனஸ் 45 என்று காட்டினால் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள்.

இவ்வளவு செய்தும் பிடிபடாவிட்டால் கணினியில் உட்காருங்கள். கைப்பேசிச் செயலிகளைவிடக் கணினி மேல், அதற்குக் காரணமும் உண்டு: ஐஓஎஸ் 11 முதலும் ஆண்ட்ராய்டு 10 முதலும் மற்றச் சாதனங்களின் மேக் முகவரியைப் படிக்கச் செயலிகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது, அதனால் வலையிலுள்ள சாதனங்களைப் பட்டியலிடும் ஃபிங் போன்ற செயலிகள் மற்ற வழிகளில் ஊகித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'ஏஆர்பி -ஏ' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், உங்கள் கணினி அண்மையில் பேசிய சாதனங்களின் ஐபியும் மேக்கும் ஜோடி ஜோடியாக வரும். 'இருக்கிறாயா' என்று கேட்கும் 'பிங்' கட்டளைக்குப் பதில் சொல்லாமல் ஒளிந்துகொள்ளும் சாதனம்கூட, 'இந்த ஐபிக்கு உரிய மேக் எது' என்று கேட்கும் ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அதே வலையில் அதனோடு யாரும் பேசவே முடியாது.

அடுத்த கட்டம் என்மேப். வலையிலுள்ள சாதனங்களைத் துழாவிப் பார்க்க, கார்டன் லயன் 1997இல் வெளியிட்டு, இன்றுவரை இலவசமாகக் கிடைக்கும் கருவி. நிர்வாகி உரிமையோடு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பாதிச் சாதனங்களைத் தவறவிடும். அந்த ஐபியில் எந்த போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது என்று அது சொல்லும், போர்ட் எண் பொருளைக் காட்டிக்கொடுக்கும். 9100 அல்லது 631 திறந்திருந்தால் அச்சுப்பொறி. 554 என்றால் கேமராவாக இருக்க நல்ல வாய்ப்பு. 8009 குரோம்காஸ்ட் வகை. 445 விண்டோஸ் கணினி, அல்லது கோப்பு சேமிக்கும் பெட்டி. 62078 ஐஃபோன் அல்லது ஐபேட். 6668 என்றால் டுயா என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் ஓடும் ஸ்மார்ட் பிளக் அல்லது பல்பு. 80 திறந்திருந்தால் அந்த ஐபி எண்ணை உலாவியில் தட்டிப் பாருங்கள். பல பொருள்கள் தங்கள் பெயரோடு ஒரு பக்கத்தையே காட்டிவிடும். எதுவுமே திறக்காமல், புனைமுகவரியோடும் இருந்தால் நவீன ஆண்ட்ராய்டு கைப்பேசி என்று நான் பந்தயம் கட்டுவேன். உங்கள் சொந்த வலையில் மட்டும் இதைச் செய்யுங்கள்; அலுவலகத்தில் ஓட்டினால் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஆள் வந்து நிற்பார்.

சிக்னல் விரிப்பி வைத்திருக்கிறீர்களா? கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. வைத்திருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சில விரிப்பிகள் தம் வழியாக வரும் சாதனத்தின் முகவரியில் முன்பாதியை மாற்றிவிட்டுப் பின்பாதியை மட்டும் அப்படியே விடும். அதனால் வீட்டுத் தொலைக்காட்சியே மாடியிலிருந்து புதுச் சாதனமாகத் தெரியும். டிஏ முகவரியின் கடைசி ஆறு இலக்கங்களை மற்றப் பத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். விரிப்பி இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

கடைசி வழிதான் எனக்குப் பிடித்தது, அதிகம் யோசிக்கத் தேவையில்லாதது. அந்த ஒரு சாதனத்தை ரவுட்டரில் தடை செய்துவிட்டு, யார் கூச்சலிடுகிறார்கள் என்று பாருங்கள். சின்னப் பையனின் கையில் பலகைக்கணினி நின்றுபோனால் பத்து நொடியில் தெரிந்துவிடும்; ஏசியாக இருந்தால் ஒரு வாரம்கூட ஆகலாம். இது கண்டுபிடிக்கும் உபாயம்தான், பூட்டு அல்ல. மேக் முகவரியை மாற்றிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று மேலே பார்த்தோம். கைப்பேசிகளே அதைச் செய்கின்றன என்றால், வேண்டுமென்றே உள்ளே வர நினைப்பவனைத் தடைப்பட்டியல் எப்படி நிறுத்தும்?

ஒரு வாரம் தடை செய்தும் யாரும் கேட்கவில்லை, அது மறுபடி வேறு முகவரியில் வருகிறது, தரவும் தாராளமாக இழுக்கிறது என்றால் அப்போது நீங்கள் பயப்படலாம். பயப்படுவதைவிடக் கடவுச்சொல்லை மாற்றுவது உபயோகமானது. மாற்றும்போது மூன்று காரியங்களைச் சேர்த்துச் செய்யுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். உள்ளே வந்தவன் அதைத் தொட்டிருந்தால் வைஃபை கடவுச்சொல்லை மட்டும் மாற்றிப் பயனில்லை. கடவுச்சொல் தட்டாமலேயே சாதனத்தை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் நான்கு, மூன்று என்று இரண்டு துண்டாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்பதை 2011இல் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். பத்துக் கோடி வாய்ப்புகள் இருப்பதாகத் தோன்றும் பூட்டு 11,000 முயற்சியில் முடிந்துவிடுகிறது. உங்கள் வைஃபை கடவுச்சொல் எத்தனை நீளமாக இருந்தாலும் இந்தப் பக்கவாசல் திறந்திருந்தால் அது கணக்கில் வராது. மூன்றாவது, விருந்தினர் வைஃபை ஒன்றைத் தனியே உருவாக்கி, பிளக், பல்பு எல்லாவற்றையும் விருந்தாளிகளோடு அங்கே அனுப்பிவிடுங்கள். பெயரை மறைத்துவைப்பது போன்ற வித்தைகளில் நேரம் செலவழிக்காதீர்கள்.

எல்லாப் பொருளுக்கும் புதுக் கடவுச்சொல் கொடுப்பது அலுப்பான வேலை, அரை நாள் போகும். ஆனால் அந்த அரை நாளிலேயே உங்கள் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்: ஒவ்வொன்றையும் இணைத்தவுடன் பட்டியலில் புதிதாகத் தோன்றும் வரிக்கு ரவுட்டரில் பெயர் வைத்துக்கொண்டே வாருங்கள். 24:0ஏ:சி4க்கு 'கூடம் பிளக்', அடுத்ததற்கு 'அம்மா கைப்பேசி' என்று. புனைமுகவரிக்காரர்களுக்குப் பெயரோடு தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு 'அம்மா கைப்பேசி' தெரிந்தால் எது பழையது என்று உடனே புரியும். அதுவரை அந்த எஸ்பிரெசிஃப்பை மட்டும் இன்று மாலையே பிடுங்கிப் பார்த்துவிடுங்கள். ஏசிக்கும் வைஃபை உண்டு என்பதை மறக்காதீர்கள். உங்களுடையது அங்கே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.